இரண்டு பட்டியலிலும் ஒரே கருப்பை

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மெல்லிசு அக்கா என்று பெயர். ஆள் அப்படியொன்றும் மெல்லிசு கிடையாது. அவள் உட்கார்ந்தால் சுழல் நாற்காலி ஒருமுறை முனகிவிட்டுத்தான் அடங்கும். அறுவைசிகிச்சையில் எடுத்த சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதேதான். ஈரலோ குடலோ கருப்பையோ, எது வந்தாலும் அவளுக்கு அது ஒரு மெழுகு பிளாக், மேலே ஒரு எண். யாருடையது என்று கேட்கவே மாட்டாள். கேட்டால் கை நடுங்கும் என்பாள்.

போன வருடம் அதே ஆஸ்பத்திரியில் அவளே படுக்க வேண்டியதாயிற்று. மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று இழுத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டிகள் என்றார்கள். கருப்பையையே எடுத்துவிட்டார்கள். எடுத்ததை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு தாள் நீட்டினார்கள். அந்த மாதிரித் தாள்களை ஆயிரம் பார்த்தவள் என்பதால் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். இரண்டு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆராய்ச்சி செய்யும் இளம் டாக்டர் ஒரு தட்டு நிறைய பிளாக்குகளையும் இரண்டு பட்டியலையும் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் கருப்பைத் துண்டுகள். ஒரு பட்டியலின் தலைப்பு ‘நோயில்லாதவை’, இன்னொன்று ‘நோயுற்றவை’. ஒவ்வொன்றையும் சீவிக் குட்டிக் குழாயில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

முதல் பட்டியலில் ஏழாவது பிளாக்கை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தெரிந்த எண்ணாக இருந்தது. கைப்பையிலிருந்து தன் பரிசோதனை அறிக்கையை எடுத்து ஒத்துப் பார்த்தாள். அவளுடைய எண்ணேதான்.

வராந்தாவுக்குப் போய், குளிர்சாதனப்பெட்டி ரிப்பேர் பார்க்கும் கணவனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, என் கர்ப்பப்பை நல்லாதான் இருந்துச்சாம்.”

“யாரு சொன்னா?”

“லிஸ்ட்ல போட்டிருக்கு.”

“நல்லா இருந்தா எதுக்கு எடுத்தாங்க?”

“அதைத்தானே நான் கேக்கறேன்!”

“என்கிட்ட கேட்டா? நான் ஃபிரிட்ஜ் பாக்கறவன்மா.”

போனை வைத்தாள். வேறு யாருடைய அறிக்கையையோ பார்த்து என்னை அறுத்துவிட்டார்களா? அப்படியென்றால் அந்த ரத்தம்? அது பொய்யில்லையே. திரும்பி வந்து இரண்டாவது பட்டியலைப் பார்த்தாள். அங்கேயும் அவள் எண் இருந்தது. பின்னால் ஒரு எழுத்து மட்டும் வேறு. இரண்டு பிளாக்கையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

“இது ரெண்டும் என்னோடது. நான் எதுல சேத்தி?”

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, உங்களோடதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. உக்காருங்க. தப்பு ஒண்ணும் நடக்கல. இந்தத் துண்டு கட்டியிலேருந்து எடுத்தது. அது கட்டி இல்லாத சுவர்லேருந்து எடுத்தது. ஒப்பிட்டுப் பாக்கத்தான்.”

“எதை ஒப்பிடறீங்க?”

“ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மரபணுக்கள்தான் இருக்கு. ஆனா எது மும்முரமா வேலை செய்யுது, எது சும்மா கிடக்குங்கறது மாறும். கட்டியில சிலது அடங்கவே மாட்டேங்குது. அதைத்தான் எண்ணிப் பாக்கறோம்.”

அவளுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதிதான் அதிகமாகக் குழப்பியது. “வருஷக்கணக்கா கட்டியோட ஒட்டிக்கிட்டுக் கிடந்த சுவர் அது. அதை எப்படி நோயில்லாததுன்னு எழுதுவீங்க?”

டாக்டர் பேனாவை எடுத்து, ‘நோயில்லாதவை’ என்ற தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மறுவாரம், அந்தச் சுவர்த் துண்டுகளோடு ஒப்பிட, டாக்டர் புதிதாகப் பத்து பிளாக்குகள் கொண்டுவந்தாள். கருப்பை கீழே இறங்கியதால் அறுவை செய்துகொண்ட, கட்டியே இல்லாத பெண்களுடையவை. மெல்லிசு அக்கா அவற்றையும் சீவிக் கொடுத்தாள். தன் இரண்டையும் பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிட்டாள்; அவற்றை மட்டும் அவளால் கத்திக்குக் கொடுக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டரே அவளைத் தேடி வந்தாள். “நீங்க கேட்டது நல்ல கேள்விக்கா. உங்க சுவர்த் துண்டு, கட்டியோடவும் சேரல, கட்டியில்லாதவங்களோடவும் முழுசா சேரல. உங்களோடது மாதிரி இன்னும் சிலதும் அப்படித்தான் இருக்கு.”

“அப்ப எதுல சேரும்?”

“மூணாவதா ஒரு பட்டியல் போட்டிருக்கேன்.”

“அதுக்கு என்ன தலைப்பு?”

“இன்னும் வைக்கல.”

“அந்த சுவருக்கும் நோய் தொத்திக்கிச்சா? இல்ல, சுவர் அப்படி இருந்ததாலதான் கட்டி வந்துச்சா?”

“தெரியலக்கா. நிஜமாவே தெரியல.”

படித்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏனோ கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அது ஏன் என்றும் அவளுக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். அவளுக்கும் கட்டியாம், இரண்டு. கருப்பையை எடுத்துவிடலாம், இல்லையென்றால் மாத்திரை போட்டுக்கொண்டு பொறுத்தும் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

“நீதான் தினம் அதையே வெட்டிக்கிட்டிருக்க. நீ சொல்லுக்கா, எடுக்கவா வேண்டாமா?”

மெல்லிசு அக்கா தெரிந்ததையெல்லாம் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். ஒன்று ஏறினால் இன்னொன்று சரிந்தது.

“எனக்குத் தெரியலடி,” என்றாள் கடைசியில். “வியாழக்கிழமை லீவு போடறேன். ரெண்டு பேருமா போய் உன்னப் பாத்த டாக்டர்கிட்ட உக்காந்து கேப்போம். புரியற வரைக்கும் எழுந்திருக்க வேண்டாம்.”