காத்து எடுத்த கார்

போன வாரம் என் ஓட்டோவைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பின்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்களப் பையன், இன்ஜினுக்குக் காற்று போதவில்லை, பில்டரைச் சுத்தம் செய்துகொண்டு வாருங்கள் என்று தன் மொழியில் சொன்னான். நான் சிரித்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. சிங்களத்திலும் கிடையாது, தமிழிலும் கிடையாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அங்கே நின்ற பெட்ரோல் வாடை என்னை மலையகத்து ராகலைக்குக் கொண்டுபோய்விட்டது. எண்பதுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், அப்போது காசிம் நானாவின் கராஜில் பாஸாக இருந்தேன். பாஸ் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எல்லாருமே எங்கள் பக்கத்தில் பாஸ்தான். கராஜ் என்பது நான்கு தகரமும் ஒரு குழியும். மழைக்காலத்தில் குழிக்குள் தவளை கத்தும். நான் காருக்கு அடியில் படுத்திருந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

என்னோடு ஒரே பெஞ்சில் படித்த செபஸ்தியான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வாடகைக் கார் ஹயர் ஓடிக்கொண்டிருந்தான். கார், இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கொழும்பில் இறங்கி, பல கை மாறி மலையேறிய ஜப்பான் கார். அதற்கு ஒரு குணம் இருந்தது. ஏற்றத்தில் அழும். நிஜமாகவே, பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுவதுபோல் இழுத்து இழுத்து அழும். இறக்கத்தில் காலை எடுத்தால் பின்னால் வெடி வெடிக்கும். அவனுடைய மாமியார் ஞானம்மா காருக்குள் மாதா கோயில் தீர்த்தம் தெளித்தார். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். வேதக்காரர்தான். இருந்தாலும் எந்தப் பக்கத்துக் கோபம் என்று தெரியாதபோது இரண்டு பக்கமும் சமாதானம் செய்துவைப்பதில் என்ன தப்பு?

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. செபஸ்தியானின் மனைவி லூர்து நிறைமாதம். முதல் பிள்ளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தோட்டத்து லொறியிலேயே பிறந்து, தங்காமல் போய்விட்டது. இந்தப் பிள்ளையாவது லொறியில் குலுங்காமல் போக வேண்டும் என்றுதான் அவன் காரையே எடுத்திருந்தான்.

கடைக்கு வந்த மாமியாரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே ஒருநாள் கராஜுக்குள் காரை விட்டான். நானா பொனட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டார், தட்டினார், பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வேற ஒண்ணுமில்ல செபஸ்தியான். காத்துதான். காத்த எடுத்திட்டா சரியாப் போயிரும்."

அவர் சொன்னது காற்றுப் பம்பை. இன்ஜின் பெல்ட்டில் சுற்றுகிற, தேங்காய் அளவுள்ள சாமான். வெளிக்காற்றை இழுத்துச் சூடான புகைக்குழாய்க்குள் ஊதும். எரியாமல் போகிற பெட்ரோல் அங்கே எரிந்து தீரும். புகை சுத்தமாக வரும். ஜப்பானில் அது சட்டமாம். எங்கள் மலையில் அப்போது கார்ப் புகையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

ஞானம்மாவுக்குத் தெரிந்த காத்து வேறு. காத்து கருப்பு என்று சொல்கிறோமே, அந்தக் காத்து. அவர் கதவைத் திறந்து இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

"கராஜுக்காரரே சொல்லிட்டாரு. எம் புள்ள இதுல ஏற மாட்டா. லொறியிலயே போகட்டும்."

லொறி என்றதும் செபஸ்தியானின் முகம் செத்துவிட்டது.

பம்பை நான்தான் கழற்றினேன். அது ஊதிய துளைகளுக்கு மரை வெட்டிய அடைப்புப் போட்டு இறுக்கினேன். அழுகையும் நின்றது, வெடியும் நின்றது. செபஸ்தியான் சந்தோஷமாகப் போனான். மறுநாள் தொங்கிய முகத்தோடு வந்தான். மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாராம். எடுத்த காத்தை எங்கே விட்டீர்கள்?

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கென்னவோ அது நியாயமான கேள்வியாகப் பட்டது. நான் அந்தப் பம்புக்கு கிரீஸ் வைத்து, ஒரு பலகையில் பூட்டி, பழைய சைக்கிள் சில்லையும் பெல்ட்டையும் சேர்த்து, இரும்பு காய்ச்சும் கரியை ஊதப் பழக்கியிருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். பெண்கள் நிறைந்த வீட்டுக்குள் நானாக நுழைந்தது அதுதான் முதல் தடவை. காது சுட்டது.

மழைக்காலம். அடுப்பில் ஈரவிறகு புகைந்துகொண்டிருந்தது. குழாயை அடுப்புக்கு நேரே வைத்துச் சில்லைச் சுற்றினேன். நெருப்பு பிடித்துக்கொண்டது. ஞானம்மா குழாய்க்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தார்.

"இதுதான் அழுததா?"

"ஆமாங்கம்மா."

"ஏன் அழுதிச்சு?"

"உள்ள பசை வத்திப் போச்சுங்க."

"பசை வத்துனா யாரா இருந்தாலும் அழத்தான் செய்வாங்க," என்றார்.

நான் பிழைத்தேன் என்று எழுந்தால், அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு நடந்தார். முதலில் தான் மட்டும் ஏறிப் பார்ப்பாராம். ஏதாவது ஆனால் தனக்கு ஆகட்டுமாம். "மாப்ள, ஃபெக்டரி வரைக்கும் போயிட்டு வாங்க," என்றார். போகும்போது கண்ணை இறுக மூடியிருந்தார். திரும்பி வரும்போது திறந்திருந்தார். இறங்கி, முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைத் தானே அவிழ்த்து எறிந்தார். பலகையை நான் தூக்கப் போனபோது விடவில்லை.

"இது இங்கயே இருக்கட்டும் தம்பி. புள்ள பெத்தவளுக்குச் சுடுதண்ணி வேணும்ல."

நானாவிடம் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். அவருக்கும் அந்த மாதம் வேறு தலைவலி. கந்தப்பளைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, மாட்டுக்குக் காத்து எடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

லூர்துக்கு வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் அங்கே இருந்தேன். அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, ஞானம்மா தலையை மடியில் வாங்கிக்கொண்டார். கார் நகர்ந்தது. லயத்தில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து நின்றார்கள். பாதை கோயிலைத் தாண்டி வளைந்து ஏறும். வழக்கமாக அழும் இடம் அதுதான். ஒருவரும் பேசவில்லை. பிள்ளைகளைக்கூட அதட்டி நிறுத்தியிருந்தார்கள். கார் வளைவில் ஏறியது, கியர் மாறியது, மேலே போய் மறைந்தது. அழவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். பெண் குழந்தை, நன்றாக இருந்தது.

கொஞ்ச காலத்தில் அந்தக் குடும்பம் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. காரை யாரோ வாங்கிப் போனார்கள். காசிம் நானா உயிரோடு இல்லை; கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. இப்போது அந்த வளைவில் நாள் முழுக்க வண்டிகள் ஏறி இறங்குகின்றன. நானும் சில தடவை நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று ஒரு கதவும் திறப்பதில்லை. ஒருத்தி நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு லயமே வாயை மூடிக்கொண்டு காது கொடுத்து நின்றதை, அந்த ஒரு காலையில்தான் நான் பார்த்தேன்.