முற்றத்து மேடையில் கேட்ட குரல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். லாகூரில், பழைய கோட்டைச் சுவருக்குள் இருக்கும் எங்கள் பள்ளிவாசலில், பட்டப்பகலில் இது எனக்கு நடந்தது.

ஷாஜகான் காலத்துக் கட்டடம். ஐந்து குவிமாடங்கள். இமாமின் குரலைக் குவிமாடம் வாங்கி முன்வரிசைகளுக்குக் கொடுத்துவிடும். வெளிமுற்றத்துக்கு மட்டும் எட்டாது. அதற்காகவே அந்தக் காலத்தில் முற்றத்தில் ஒரு கல்மேடை கட்டினார்கள். இமாம் சொல்லும் 'அல்லாஹு அக்பரை' ஒருவர் அதில் நின்று உரக்கத் திருப்பிச் சொல்வார். இப்போது மைக் இருக்கிறது. ஊரில் இருந்தவரை, கரண்ட் போனால் என் தம்பி தௌகீர்தான் மேடை ஏறுவான்.

"நமக்கு எதுக்குப்பா ஜெனரேட்டர்? அதான் தௌகீர் இருக்கானே!" என்று பக்கத்துக் கடை ரியாசத் கிண்டலடிப்பார்.

கராச்சித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன தௌகீரிடமிருந்து ஏழு மாதமாகத் தகவல் இல்லை. போன் அடித்தாலே அம்மா பதறி எழுவாள்.

அன்று வியாழன். பிற்பகல் அஸர் தொழுகை. முற்றத்தில் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். பாதியில் மைக் நின்றது.

மேடையிலிருந்து ஒரு குரல்...

தௌகீர்!

தொழுகையில் தலை தூக்கிப் பார்க்கக் கூடாது. வந்துட்டான்... என் தம்பி வந்துட்டான்...

முடிந்ததும் நிமிர்ந்தேன். மேடை காலி.

"ரியாசத், தௌகீர் எங்க?"

"தௌகீரா? என்ன ஷம்ஷேர் பாய், மைக்குலதானே இமாம் சொன்னாரு? நல்லாத்தானே கேட்டுச்சு!"

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நான் மட்டும் நின்றேன்.

"அல்லாஹு அக்பர்."

அதே குரல். கை தானாகக் கட்டிக்கொண்டது.

இரண்டாவது... குனிய வேண்டிய இடம். முதுகு வளையவில்லை.

மூன்றாவது...

நான்காவது...

குனியாமல், நின்றபடியே நான்கு. அது இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை. உடல் முன்னால் இல்லாமல் அதை நாங்கள் தொழுவதே இல்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

ஐந்தாம் நாள்தான் அவன் அடையாளம் தெரிந்து போன் வந்தது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டி சரிந்து தௌகீர் இறந்துவிட்டான். வீடு எதுவென்று தெரியாமல், வியாழன் அஸர் நேரத்தில் அநாதையாக அடக்கிவிட்டார்கள்.

"என் புள்ளைக்குத் தொழ, சொந்தத்துல ஒரு ஆளு இல்லாமப் போச்சே!" அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். என்னால் அவளைத் தேற்ற முடியவில்லை.

கராச்சிக்குப் போனேன். அவனை அடக்கிய இடத்தில் குழி வெட்டுகிற பெரியவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மறுபடி வந்துட்டீங்களா பாய்?"

"இப்பத்தான் முதல் தடவையா வர்றேன்..."

"என்ன சொல்றீங்க? அன்னிக்குத் தொழ நாங்க மூணே பேரு. நாலாவதா வந்து நின்னு அழுதது நீங்கதானே? இந்த முள்ளுல, வெறுங்காலோட... தொழுகை முடிச்சு சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தா, உங்களைக் காணோம்."