மதிலில் இருந்த பொட்டு

இரண்டு பக்கமும் மதில் வைத்த எங்கள் ஒழுங்கையில் போன கிழமை முழுக்கப் பெயின்ற் மணம். மதில்களுக்குப் படம் கீறுகிறார்கள். பழைய இடம், கூத்துக்காரர் இருந்த இடம் என்று இப்போது பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஆட்டோவில் வந்து இறங்கி, மதிலோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் ஒருவரான அண்ணாவியாரின் வீடு இன்றைக்கு வெளியாட்கள் தங்குகிற விடுதி. முற்றத்து மதிலில் பூச்சு விட்ட இடங்களைப் பூசித் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மேசன். படம் கீறுகிற பிள்ளை ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஐயா, மதில் முழுக்கக் கடல் முருகைக்கல். இந்த இடம் மட்டும் ஏன் சீமெந்துக் கல்?”

“அதிலை பொட்டு இருந்தது பிள்ளை.”

வேலியிலோ மதிலிலோ பக்கத்து வீட்டுக்குப் போய்வர விடுகிற வழிக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. கதவு கிடையாது. ஓர் ஆள் சரிந்து நுழையலாம். அதை அடைத்தது நான்தான் என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு வேலை கிடந்தது, அதோடு விட்டுவிட்டேன். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்லலாம்.

பெயின்ற் மணம் இந்த ஒழுங்கைக்குப் புதிதில்லை. நான் தொண்டைமானாற்றிலிருந்து மேசனுக்குக் கையாளாக வந்த காலத்தில், கடைசித் தொங்கல் வீட்டில் ஒருவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். எதிர்வீட்டில் ஒரு தையல்காரர். கலியாணச் சட்டையும் தைப்பார், கூத்தில் வருகிற மோட்சத்துச் சம்மனசுக்கு முதுகில் கட்டுகிற செட்டையும் தைப்பார். மீன், பசை, வார்னிஷ் எல்லாம் ஒன்றாய் மணக்கும். சோற்றுக்கு உட்கார்ந்தால் எது கறி என்று தெரியாது.

சூசை அண்ணாவியார் கூத்துப் பழக்குகிறவர். பக்கத்து வீட்டு வஸ்தியாம்பிள்ளை அண்ணை ஆர்மோனியக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் அந்தப் பொட்டு. நான் அண்ணாவியார் வீட்டுக்குப் பின்னாலிருந்த கோடிப்புற அறையில் வாடகைக்கு இருந்தேன். காலையில் பொட்டால் அடுப்புத் தணல் போகும். மத்தியானம் மீன்கறி வரும். பின்னேரம் ஆர்மோனியம் வரும். பெட்டி அகலம், அதைச் சரித்து வாங்க ஓர் ஆள் வேண்டும். அது நான். அந்த உபகாரத்துக்காகத்தான் எனக்குக் காவற்காரன் வேஷம் தந்தார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு வரிப் பாட்டு. ஒன்று எப்போதும் மறந்துபோகும்.

ஒருமுறை வஸ்தியாம்பிள்ளை அண்ணை தன் மகன் றெஜிக்கு ராசா வேஷம் கேட்டார். அண்ணாவியார் மந்திரி என்றார்.

“என்ரை பிள்ளைக்கு என்ன குறை?”

“குரல் ஏறாது.”

“உன்ரை குரல் ஏறினதோ? சுருதிக் கட்டையைக் குறைச்சுக் குறைச்சு உன்னை அண்ணாவியாராக்கினது நான்.”

“அப்ப உன்ரை பெட்டியைக் கொண்டு போ.”

கொண்டு போனார். நான்தான் சரித்துக் கொடுத்தேன். விடிய வஸ்தியாம்பிள்ளை அண்ணை என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உந்தப் பொட்டை அடைச்சுவிடு” என்றார்.

நான் அவர் பக்கம் நின்று கட்டினேன். மற்றப் பக்கம் அண்ணாவியார் கதிரை போட்டு இருந்து பார்த்தார்.

“தம்பி, வடிவாய் அடை. காத்தும் வரக்கூடாது.”

“ஓம் தம்பி, காத்துப் பட்டால் அவருக்கு உள்ள குரலும் போயிடும்.”

இரண்டு பேரும் என்னோடுதான் கதைத்தார்கள். கல் தலைக்கு மேலே உயர்ந்தபிறகு கதையும் நின்றது.

கூத்து ஏற வேண்டிய கோயில் திருநாள் கிட்டத்தில். வேறு ஆர்மோனியக்காரன் கிடைக்கவில்லை. அந்த முறை கூத்து நின்றால் அண்ணாவியார் என்கிற பேரும் அதோடு நிற்கும். அது அவருக்குத் தெரியும். வெறும் தாளத்தோடு பழக்கினார். ஒருநாள் பாடிக்கொண்டே சுருதி இறங்கிவிட்டார். மதிலுக்கு அங்காலிருந்து குரல் கேட்டது.

“உது என்ன சுருதி? பிரேதம் எடுக்கிறியளோ?”

பிறகு ஆர்மோனியம் கேட்டது. அண்ணாவியார் அந்தச் சுருதியைப் பிடித்துப் பாடினார். அன்றிலிருந்து அப்படித்தான். ஆள் வரமாட்டார், சத்தம் மட்டும் மதிலுக்கு மேலால் வரும். அண்ணாவியார் வேண்டுமென்று பிழைவிட்டாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆனால் மேடையில் மதில் இல்லை. எல்லாருக்கும் அதுதான் யோசனை. வேஷ உடுப்போடு ஆடிப் பார்க்கிற நாள் பின்னேரம் வாசல் படலை திறந்த சத்தம் கேட்டது. வஸ்தியாம்பிள்ளை அண்ணை. கோயில் மூலையால் சுற்றி, றோட்டால் வந்திருக்கிறார். சைக்கிள் கரியரில் ஆர்மோனியம். மேலில் மடிப்புக் கலையாமல் மினுக்கின வெள்ளைச் சட்டை. பொட்டால் வந்த காலத்தில் அவர் சட்டை போட்டு நான் கண்டதில்லை. வெறும் மேல், தோளில் துவாய். நேரே குசினிக்குள் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பார்.

அண்ணாவியாரின் மனிசி பிலோமினா அக்கா கதிரையைச் சீலைத் தலைப்பால் துடைத்தா. “வாங்கோ, இருங்கோ” என்றா. சோடா உடைத்துக் கொடுத்தா. அவர் பாதி குடித்துவிட்டு வைத்தார்.

“பிள்ளையள் கஷ்டப்பட்டுப் பழகினவை. அதுக்குத்தான் வந்தனான்.”

“நல்லது” என்றார் அண்ணாவியார்.

கூத்து நன்றாய்ப் போனது. தகப்பன் கோவித்துக்கொண்டு போனபிறகும் றெஜி பழக வருவதை விட்டிருக்கவில்லை; மந்திரியாய் நின்று நன்றாய்ப் பாடினான். நான் ஒரு வரியை விட்டேன்.

கொஞ்சக் காலத்தால் அண்ணாவியார் என்னிடம் கேட்டார். “தம்பி, உந்த அடைப்பை உடைக்கிறதெண்டால் மெத்த வேலையோ?”

“அரை நாள் காணும்.”

“அவன் ஏதும் சொன்னவனோ?”

அதே கேள்வியை மற்றவரும் கேட்டார். இவர் கேட்டதை அவருக்கும் அவர் கேட்டதை இவருக்கும் சொன்னேன். “கேக்கிறவன் என்னட்டையெல்லோ கேக்க வேணும்” என்று இரண்டு பேரும் ஒரே சொல்லாய்ச் சொன்னார்கள். பகை என்று இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு, நல்லது கெட்டதுக்குப் போய் வந்தார்கள். றோட்டால்தான்.

சண்டைக் காலத்தில் ஒழுங்கை முழுக்க இடம்பெயர்ந்தது. வஸ்தியாம்பிள்ளை அண்ணை வன்னியில் செத்தார். அண்ணாவியார் திரும்பி வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் பிள்ளைகளோடு கனடா போனார். அவரும் அங்கே முடிந்துவிட்டார். ஆர்மோனியக்காரர் வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஒழுங்கைக்கு முந்தியைவிட இப்போது கன ஆட்கள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாய்க் கதைக்கிறார்கள். ஆனால் ஆரும் ஆரின்ரை குசினிக்குள்ளும் போவதில்லை. என்னிடம் வருகிறவர்களும் முதலில் போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நானும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.