ஒதுக்கிய முழங்கால்

இன்று மாதா கோயில் பூசையில் சாமியார் கையால் நற்கருணை அப்பம், நன்மை, வாங்க எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அறுபதுகளின் கடைசியில், ராயபுரத்தில் நைனாவும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஹார்பரில் சரக்கு இறக்கும் காண்ட்ராக்டரிடம் மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டினார். சட்டையில் எப்போதும் கிரீஸும் கோதுமைத் தூசும் மணக்கும். ஒருநாள் நைந்த கயிறு அறுந்து மூட்டைகள் விழுந்ததில், கூட வேலை செய்த சவரிமுத்து மாமாவின் கால் போனது. கவனக்குறைவு மாமாவுடையதுதான் என்று காண்ட்ராக்டர் நீட்டிய காகிதத்தில் நைனா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம்.

பாவத்தோடு வாங்கக் கூடாதென்று மூன்று ஞாயிறு அவர் நன்மை வாங்கவில்லை. தெருவே கவனித்தது.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கிக்கயேன்யா," என்றாள் அம்மா.

"சாமியார் காதுல சொன்னா ஆச்சா? ஆபீசுல போய் சொல்லணும்."

திங்கட்கிழமை போய்ச் சொன்னார். வின்ச்சிலிருந்து இறக்கி மூட்டை தூக்க விட்டார்கள். அடுத்த ஞாயிறு தோள் வீங்கி, கழுத்தைத் திருப்ப முடியாமல் வரிசையில் நின்று நன்மை வாங்கினார். மத்தியானம் வீடே அதிரக் குறட்டை விட்டார்.

நான் ரிட்டயராக இன்னும் ஒரு வருடம்தான். ஆபீசில் நான் தொலைத்த ஃபைலுக்கு, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நான்கு திங்கட்கிழமைகள் வந்து போய்விட்டன.

நன்மை வாங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். மறுபடியும் முழங்காலை ஒதுக்கினேன்.