சிஸ்டின் கல்லும் நான் சுமந்த தண்ணீரும்

சிஸ்டின் என்ற அமினோவமிலத்தில் கந்தகம் இருக்கிறது. யாரோ ஒருவரின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த கல்லில்தான் அதை முதலில் கண்டார்களாம். அதனால் சிறுநீர்ப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உயர்தர வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைக் கற்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் அம்மாவுக்கு வந்ததும் அதே கல்தான். கலவானைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அம்மா கொழுந்து பறித்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கல்லை எடுத்து, சின்னப் போத்தலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மஞ்சள் நிறம். மாணிக்கம் தோண்டுகிற ஊர் அல்லவா, மாமா அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, விலை போகாது என்று தீர்ப்புச் சொன்னார். டொக்டர் சொன்னது ஒன்றுதான்: பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் திரும்பவும் வரும்.

அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளி விடுமுறையில் தினமும் பெரிய போத்தல் இரண்டில் கொதித்தாறிய தண்ணீரை நிரப்பி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மலைக்கு ஏறினேன். அம்மா வாங்கிச் செடியடியில் வைத்துவிட்டு, "நீ போ புள்ள, நான் குடிச்சிக்கிறேன்" என்பார். மூன்றாம் நாள், மறந்துவிட்டு வந்த குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். அம்மா ஒரு வாய் நனைத்துவிட்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபம்! கங்காணி நிற்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா ஏமாத்துறீங்க? செத்துப் போறதுக்கா?" என்று கத்தினேன்.

கங்காணி சிரித்தார். "புள்ளைக்கி இருக்கிற அறிவு ஒனக்கு இல்லியே" என்றார். பக்கத்து நிரைகளில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

"வீட்டுல வந்து குடிக்கிறேன் புள்ள, சத்தம் போடாத" என்றார் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

அன்று மாலை லயத்து வீட்டுக்கு வந்ததும் கூடையைப் போட்டுவிட்டுப் பின்பக்கத்துக் கக்கூசுக்கு ஓடினார். பிறகு செம்பு செம்பாகக் குடித்தார். இவ்வளவு தாகத்தை வைத்துக்கொண்டு மலையில் எதற்கு இந்த நடிப்பு என்று நான் இரண்டு நாள் பேசவேயில்லை.

அடுத்த வருடம் கல் திரும்ப வந்தது. அம்மாவின் பிடிவாதம்தான் காரணம் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் நான்தான்.

அந்த மலையில் காலையிலிருந்து மாலை வரை முப்பது பெண்கள் நின்றார்கள். ஒதுங்குவதற்கு ஒரு மறைப்புக்கூட அங்கே கிடையாது. மேலே கங்காணி, கீழே லொறி போகிற பாதை. கல்லுக்குப் பெயர் வைக்கக் கிரேக்கம் வரைக்கும் போக ஆள் இருந்தது, நாலு தகரத்தை அடித்துக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய ஆள் அன்று பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றார். பத்து வயதில் அது எனக்குத் தெரியவில்லை. நான் அம்மாவைப் பார்த்துத்தான் கத்தினேன்.