மச்சானின் பிரெஞ்சுக் கார்

அந்தக் காரை முதலில் கண்டது நான்தான். தேற்றாத்தீவில், காலமான ஒரு டாக்டரின் வீட்டுப் பின்வளவில், கிடுகுக் கொட்டிலுக்குள் சிங்கச் சின்னத்தோடு நின்றது. கல்லடியில் கராஜ் வைத்திருப்பவன் நான். பழைய பிரெஞ்சுக் காரை அடையாளம் காண எனக்கு ஒருவர் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று வருடமாகப் போய் விலைக்குக் கேட்டேன். டாக்டரின் மனைவி மறுத்துவிட்டார். பிறகு என் தங்கையின் கணவர் ஒருநாள் போனார். டாக்டர் அதில் எங்கெல்லாம் பயணம் போனார் என்று இரண்டு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு இருந்தாராம். எழுந்து வரும்போது சாவி அவர் கையில்.

"நீங்க போனா பார்ட்ஸப் பத்தி மட்டுந்தான் கதைப்பீங்களாம் மச்சான்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எட்டு மாதம் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியது நான். ஓடத் தொடங்கியதும் மச்சான் வாவிக்கரை விடுதிகளில் தங்கும் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினார். அவருக்கு இங்கிலீசு நன்றாக வரும். புறப்படுமுன் என் கராஜில் நிறுத்துவார். நான் ஒயில் பார்க்கும் நேரத்தில் அந்தக் காரைச் செய்த கம்பனியின் கதையை அவர்களுக்கு எடுத்துவிடுவார். தானியம் அரைக்கும் ஆலையை உருக்கு வேலைத்தலமாக்கிய ஒரு குடும்பம். மரம் அரியும் வாள் அலகு செய்தார்கள், கோப்பிக்கொட்டை அரைக்கும் பெட்டி செய்தார்கள், பெண்களின் பாவாடை குடை போல விரிந்து நிற்க உருக்கு வளையம் செய்தார்கள், பிறகு சைக்கிள். பாவாடைக் கதை வந்ததும் எல்லாரும் சிரிப்பார்கள். காருக்குக் கீழே கிடக்கிற எனக்குப் பற்றி எரியும்.

அவரைப் பிழை பிடிப்பதற்காகவே மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போனில் அந்தக் கம்பனியைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் அந்தக் குடும்பத்து இரண்டு பேரைப் பற்றி அறிந்தேன். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். ஒருவருக்குக் கார்ப் பைத்தியம். மற்றவர் வாளும் சைக்கிளும் போதும் என்றார். கார்க்காரர் பிரிந்து போய்த் தனியாகக் கம்பனி தொடங்கினார். சில வருடத்தில் மற்றவரின் பிள்ளைகளும் கார் செய்ய இறங்கினார்கள். ஒரே குடும்பப் பெயரில் இரண்டு கம்பனி, இரண்டு கார். கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். அதை மூன்று தரம் வாசித்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. மச்சானுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. அதுவே எனக்குச் சந்தோசம்.

ஒருநாள் பிரான்சிலிருந்தே ஒரு புருசன் பெண்சாதி வந்தார்கள். இந்தக் கம்பனியின் முதல் கார் பெற்றோலில் ஓடியது என்று மச்சான் இங்கிலீசில் சொன்னது எனக்கு விளங்கியது. காருக்குக் கீழிருந்து வெளியே வந்தேன்.

"பிழை மச்சான். முதல் செய்தது மூண்டு சில்லு வண்டி. நீராவியில ஓடினது. பெற்றோல் பிறகுதான். அந்த எஞ்சினும் இவங்கட இல்ல, ஜெர்மன்காரன்ட."

நிறுத்த முடியவில்லை. அந்த இரண்டு பேரும் பிரிந்து சேர்ந்த கதையையும் சொன்னேன், மூச்சு விடாமல்.

என் தமிழ் விளங்காமல் அந்தப் பெண் மச்சானைப் பார்த்தாள். அவர் என் கதையை இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வாய்விட்டுச் சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கையில் கிறீஸ்.

அடுத்த இரண்டு கிழமை அந்தக் காரில் நான் கை வைக்கவில்லை. பிறகு ஒருநாள் ஏறாவூர் தாண்டி அது நின்றுபோனது. மச்சான் போன் எடுத்தார்.

"மச்சான், கதிரவெளிக்குப் போற ஆக்கள் வெயிலுக்க நிக்கிறாங்க."

"எனக்கு இஞ்ச வேலை கிடக்கு."

ஒரு வேலையும் இருக்கவில்லை. ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். காபரேட்டரில் கொஞ்சம் அழுக்கு. பத்து நிமிட வேலை. நான் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மச்சான் அந்த வெள்ளைக்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

"இது என்ட கார் இல்ல, இவர்ட கார், நான் சும்மா ஓடுறன் எண்டு சொன்னன்."

உண்மையாகவே அப்படித்தான் சொன்னார். அவ்வளவு இங்கிலீசு எனக்கும் தெரியும். பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே வாய்த்திருந்தது.

"கதிரவெளி மட்டும் நீங்க ஓடுங்க மச்சான்," என்று சாவியை நீட்டினார்.

மோட்டார் சைக்கிளை ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு ஏறினேன். எஞ்சின் ஒரு பிசிறில்லாமல் இழுத்தது. அவர் பக்கத்துச் சீற்றில் திரும்பி இருந்து கதையைத் தொடங்கினார், இந்தமுறை நீராவியிலிருந்து. பின்னால் இருந்தவர்கள் முன்னுக்குச் சாய்ந்து அவரையே கேட்டுக்கொண்டு வந்தார்கள்.