குறட்டை கேட்டால் எழுப்பும் ஜீவா

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட முடியாத ஆண் கள்ளிக்குப்பத்தில் ஒருவன்தான் உண்டு. அவன் வெற்றிச்செல்வன். சத்தம் கேட்டதும் அவன் மனைவி ஜீவா தோளைப் பிடித்து உலுக்குவாள். கண்ணைத் திறந்து பதில் சொன்னால்தான் விடுவாள். தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும். அந்தப் பயம் அவளை எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும்.

ஜீவா மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளியைச் சேர்த்ததும், வீட்டில் போடும் மாத்திரையை வழக்கம்போலக் கொடுங்கள் என்று கூட வந்தவர்களிடம் சொல்வது அங்கே பழக்கம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மனதில் வைத்துச் சொல்வது. ஜீவாவும் யோசிக்காமல் சொல்லிவந்தாள்.

ஒரு நாள் இரவு சேக்காட்டிலிருந்து செங்கல்வராயனைத் தூக்கிவந்தார்கள். பட்டறையில் இரும்புத் தகடு விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. வலி தாங்காமல் கத்தினார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டதற்கு, மனைவி கஸ்தூரி சர்க்கரை மாத்திரையை மட்டும் சொன்னாள். டாக்டர் எழுதிய மார்ஃபின் ஊசியை ஜீவா போட்டாள். அவர் அடங்கினார். வீட்டு மாத்திரை பற்றிய வழக்கமான பேச்சையும் கஸ்தூரியிடம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கஸ்தூரியின் முகம் தெளிந்திருந்தது. "இன்னாமா குறட்டை வுடுறாரு பாரு" என்றாள்.

குறட்டை நீளமாக இழுத்து நின்றது. அடுத்தது வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஜீவா உலுக்கினாள், அவர் அசையவில்லை. ஊசியில் அளவு தவறிவிட்டோமா, கொன்றுவிட்டோமா? டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் முகத்தில் மாஸ்க்கை வைத்து, அதோடு இணைந்த காற்றுப் பையை அழுத்தி மூச்சைச் செலுத்தினாள். மாஸ்க் நழுவியது. மறுபடி அழுத்திப் பிடித்தாள்.

ஓடிவந்த டாக்டர் வேறென்ன கொடுத்தீர்கள் என்று அதட்டினார். கஸ்தூரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தூக்க மாத்திரை அட்டை. அதுவும் மார்ஃபினும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும். மார்ஃபினை முறிக்கும் மாற்று ஊசி ஏறியதும் செங்கல்வராயன் இழுத்து மூச்சு விட்டார், கண் திறந்தார், வலியில் அலறினார். அலறல் கேட்டு ஜீவா சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மாற்று மருந்தின் வேகம் குறைந்தால் மறுபடி மூச்சு அடங்கலாம் என்று டாக்டர் அவளை அங்கேயே உட்காரவைத்தார். கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குறை சொல்ல வரவில்லை, நன்றி சொல்லத்தான் வந்தாள்.

"நீ சொன்னாப்புலதான் கண்ணு குடுத்தேன். ஊட்ல டெய்லி போடறதுதானே அது."

ஜீவா செங்கல்வராயனின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தாள். கஸ்தூரியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.